பென்னு சிறுகோளில் அமினோ அமிலங்கள்: உயிர் விண்ணிலிருந்து வந்ததற்கு இது சான்றாகுமா?

வேப்பங்குளத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். பென்னு என்னும் சிறுகோளிலிருந்து ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் அள்ளி வந்த மண்ணில், நம் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களுள் 14 இருப்பதாகவும், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றில் வரும் ஐந்து நைட்ரஜன் காரங்களும் இருப்பதாகவும் 2025 ஜனவரியில் ஆய்வு முடிவுகள் வெளியாயின. அதே ஆண்டு டிசம்பரில் ரைபோஸ், குளுக்கோஸ் ஆகிய சர்க்கரைகளும் அம்மண்ணில் கண்டறியப்பட்டன. இவற்றைப் பற்றிய காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள், "அப்படியென்றால் உயிர் வானத்திலிருந்துதான் வந்தது என்று முடிவாகிவிட்டதா, சார்?" என்று கேட்கிறார்கள். பாடத்தில் 1953-ஆம் ஆண்டின் மில்லர் சோதனையை (எளிய வாயுக்களின் கலவையில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களை உண்டாக்கிய சோதனை) நடத்திவிட்டு, அடுத்த வகுப்பிலேயே இந்தக் கேள்விக்கு நிற்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. பூமியில் தொட்ட இடமெல்லாம் அமினோ அமிலம் இருக்கும்போது, அந்த மண்ணில் கிடைத்தவை பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டவை அல்ல என்று எவ்வாறு உறுதி செய்கிறார்கள்? அவை விண்ணிலேயே உண்டானவை என்று ஏற்றுக்கொண்டாலும், 20-க்கு 14 என்பது உயிரின் தடயமாகாதா? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே விளக்க வேண்டுகிறேன்.

கரிமக்கல் (மறுமொழி)

முதல் ஐயத்துக்கு என்னால் இயன்றவரை விடை கூறுகிறேன், ஏனெனில் இந்தத் துறையின் வரலாறே பெரும்பாலும் அந்த ஐயத்தின் வரலாறுதான்.

1960-களின் தொடக்கத்தில் பல விண்கற்களில் அமினோ அமிலங்கள் இருப்பதாக ஒன்றன்பின் ஒன்றாக அறிவிப்புகள் வந்தன. பின்னர் மனித விரல் ரேகைகளில் படியும் அமினோ அமிலங்களைத் தனியே அளந்து பார்த்தபோது, செரின் மிகுந்திருக்கும் அதே விகிதம் அக்கற்களிலும் இருந்தது தெரிந்தது. கல்லைக் கையால் தூக்கியவர்களின் வியர்வையைத்தான் அதுவரை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இதைவிட வேடிக்கையான ஒன்றும் நடந்தது. 1864 மே மாதம் பிரான்சின் ஓர்கேய் என்ற ஊரில் விழுந்த விண்கல்லின் ஒரு துண்டு, கண்ணாடிச் சாடியில் மூடி முத்திரையிடப்பட்டு அருங்காட்சியகத்தில் கிடந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து அதை எடுத்து ஆராய்ந்தவர்கள், உள்ளே கோரை வகைத் தாவரத்தின் விதைகளும் நிலக்கரித் துணுக்குகளும் பசை வைத்து ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டார்கள். தானாகவே உயிர் தோன்றும் என்ற கொள்கையை லூயி பாஸ்டர் மறுத்துப் பேசிய சில வாரங்களில் விழுந்த கல் அது; யாரோ ஒருவர் விஷமத்துக்காகச் செய்து வைத்ததை ஒரு நூற்றாண்டாக எவரும் கவனிக்கவில்லை.

திருப்பம் வந்தது 1969 செப்டம்பர் 28-இல். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்ற சிற்றூரின்மீது ஒரு விண்கல் வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 100 கிலோ சேகரிக்கப்பட்டது. விழுந்த துண்டுகளிலிருந்து மெத்திலேற்றிய சாராயம் போன்ற நெடி வீசியதாக ஊரார் கூறினார்கள். அதே ஆண்டு ஜூலையில்தான் அப்போலோ 11 நிலவிலிருந்து திரும்பியிருந்தது; நிலவுப் பாறைகளில் கரிமச் சேர்மங்களைத் தேடுவதற்காக அமைக்கப்பட்ட மிகத் தூய்மையான ஆய்வகங்கள் தயார் நிலையில் இருந்தன. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் அக்கல்லை ஆராய்ந்த குழுவில் சிரில் பொன்னம்பெரும இருந்தார். இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் பெற்று, பின்னர் லண்டனிலும் பெர்க்லியிலும் வேதியியலுக்கு மாறியவர் அவர். 1970 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இன்றளவும் நிற்கிறது.

அது நிற்பதற்குக் காரணம், பூமியில் எளிதில் கிடைக்காதவற்றை அவர்கள் கண்டதுதான். கிளைசினும் அலனினும் எங்கும் உள்ளவை. அவற்றால் எதையும் நிறுவ முடியாது. ஆனால் அக்கல்லில் ஆல்ஃபா-அமினோஐசோபியூட்டிரிக் அமிலமும் இருந்தது, பிற்காலத்தில் ஐசோவலினும் கண்டறியப்பட்டது. சில பூஞ்சைகள் ஆக்கும் சிறு பெப்டைடுகளைத் தவிர, பூமியின் உயிர்களில் இவை ஏறக்குறைய இல்லை எனலாம். வியர்வையில் வராத பொருள் கல்லில் இருந்தால், அது வியர்வையிலிருந்து வந்திருக்க முடியாது. இதற்கு மேல் ஐசோடோப்புச் சான்றும் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள் தரும் சான்றும்) உண்டு. அம்மூலக்கூறுகளில் உள்ள கார்பன்-13, நைட்ரஜன்-15, டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஆகியவற்றின் விகிதம் பூமியின் உயிர்ப்பொருளில் காணப்படும் அளவைவிடத் தெளிவாக உயர்ந்திருக்கிறது. மிகக் குளிர்ந்த விண்மீனிடை மேகங்களின் வேதியியலில் இத்தகைய உயர்வு ஏற்படும்.

பென்னு விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் ஒரு படி மேலே சென்றது. மண்ணைத் தொடும் கருவியின் மேற்பரப்பில் அமினோ அமிலம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 180 நானோகிராமைத் தாண்டக்கூடாது என்று விண்கலத்தைக் கட்டும்போதே வரம்பு வைத்திருந்தார்கள். கலத்தினுள்ளேயே 'சாட்சித் தகடுகள்' சிலவற்றைப் பொருத்தி, பயணத்தின்போது எது படிந்தாலும் பின்னர் கண்டுகொள்ளும்படி செய்தார்கள். 2023 செப்டம்பர் 24-இல் யூட்டா பாலைவனத்தில் இறங்கிய கொள்கலன் ஹூஸ்டனில் நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் திறக்கப்பட்டது. 35 திருகுகளில் இரண்டு அசையாமல் நின்றுவிட்டபோதும் அவசரப்படாமல், அப்பெட்டிக்குள் பயன்படுத்தத் தகுந்த உலோகத்தில் புதிய கருவிகளைச் செய்து, 2024 ஜனவரியில்தான் அவற்றைக் கழற்றினார்கள். மொத்தம் கிடைத்தது 121.6 கிராம். ஆய்வின்போது மண்ணைத் தூளாக்கி, மிகத் தூய நீருடன் கண்ணாடிக் குழாயில் அடைத்து 100 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்துச் சாறெடுக்கிறார்கள். மண் இல்லாத வெறுங்குழாய் ஒன்றையும் அதே நீர், அதே அமிலம், அதே வெப்பம் என எல்லாப் படிகளுக்கும் உட்படுத்தி, அதில் என்ன தெரிகிறதோ அதைக் கழித்துவிடுகிறார்கள்.

இவ்வளவும் மிகையான கவலை என்று தோன்றினால், ஜப்பானின் ஹயபுசா2 கொண்டுவந்த ரியூகு சிறுகோள் துகள் ஒன்றுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். காற்றுப் புகாத கலனில் பத்திரமாக லண்டன் வந்த அத்துகள், ஆய்வுக்காகத் தயார்செய்யப்பட்ட சில நாட்களில் பூமியின் நுண்ணுயிர்கள் பெருகும் மேடையாகிவிட்டது. அதை ஆராய்ந்தவர்களே அதனை 2024-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

மறையூர்க்காரன் (மறுமொழி)

கரிமக்கல் அவர்களின் விளக்கம் சிறப்பு. மாணவர்களின் கேள்வியில் இரண்டு வேறு கருத்துகள் ஒன்றாகக் கலந்திருப்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். உயிருள்ள அணுக்களே விண்ணிலிருந்து வந்தன என்பது ஒன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வாந்தே அர்ரேனியஸ் முன்வைத்து, பின்னர் ஃபிரெட் ஹாயிலும் சந்திர விக்கிரமசிங்கவும் வளர்த்த கொள்கை அது. உயிரில்லாத மூலப்பொருள்கள் மட்டும் வந்தன என்பது வேறு. பென்னு ஆய்வு பேசுவது இரண்டாவதைப் பற்றி மட்டுமே.

முதலாவதற்கு நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் தென்மேற்குப் பருவத்தில் கோட்டயம், இடுக்கி மாவட்டங்களில் சிவப்பு மழை பெய்தது. நீரிலிருந்த சிவப்புத் துகள்கள் வால்மீனிலிருந்து வந்த அணுக்கள் என்று இயற்பியலாளர் இருவர் கட்டுரை எழுத, உலகச் செய்தியாயிற்று. அரசு கேட்டுக்கொண்டபடி ஆராய்ந்தவர்கள் அவற்றை ட்ரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகள் என்று கண்டார்கள். அப்பகுதியின் மரப்பட்டைகளிலும் பாறைகளிலும் செம்மஞ்சளாகப் படர்ந்து கிடக்கும் பாசிதான் அது. எங்கள் ஊர்ப்பக்கம் இன்றும் அந்த மழையைப் பற்றி முதல் கதையைச் சொல்பவர்களே அதிகம்.

வேப்பங்குளத்தான்

இருவருக்கும் நன்றி. விரல் ரேகைச் செய்தியை நாளையே வகுப்பில் சொல்லப்போகிறேன். இரண்டாம் ஐயம் மட்டும் நீங்கவில்லை. ஒரே அமினோ அமிலம் இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் இருக்கலாம்; கிளைசின் நீங்கலாக நம் புரதங்களில் உள்ளவை யாவும் இடக்கை வடிவம் என்று கற்பிக்கிறோம். பென்னுவில் கிடைத்தவை எந்தக் கை? விண்கற்களில் இடக்கை மிகுந்திருப்பதாகவும், நம் உயிரின் இடக்கைத் தன்மை அங்கிருந்தே வந்ததாகவும் எங்கோ படித்த நினைவு.

இடவலம் (மறுமொழி)

நீங்கள் படித்தது சரியே. பென்னுவால் ஆட்டங்கண்டிருப்பதும் அந்தக் கருத்துதான்.

1970-இல் மர்ச்சிசன் கல்லில் இடக்கையும் வலக்கையும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. உயிரின் கைவேலை அல்ல என்பதற்கு அதுவே அன்று முக்கியச் சான்றாயிற்று. ஆனால் 1997-இல் ஜான் குரோனினும் சாந்திரா பிட்சரெல்லோவும் அதே கல்லின் சில அமினோ அமிலங்களில் இடக்கை வடிவம் சில விழுக்காடு கூடியிருப்பதைக் காட்டினார்கள். 2009-இல் டேனியல் கிளாவினும் ஜேசன் டுவொர்கினும் ஐசோவலினில் அந்த மிகை ஏறத்தாழ 18 விழுக்காடு என்று அளந்தார்கள். அதாவது 100 மூலக்கூறுகளில் 59 இடக்கை, 41 வலக்கை. ஐசோவலினை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்கு வலுவான வேதியியல் காரணம் உண்டு. அலனின் போன்றவற்றில் ஆல்ஃபா கார்பனில் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. நீரில் நெடுங்காலம் கிடக்கும்போது அது கழன்று மறுபடி ஒட்டுவதால், காலப்போக்கில் எந்தக் கையும் சமமாகிவிடும். ஐசோவலினில் அந்த இடத்தில் மெத்தில் தொகுதி இருப்பதால் கை மாறாது. 450 கோடி ஆண்டுக்கு முன் எந்த விகிதத்தில் உருவானதோ அதே விகிதம் இன்றும் அதில் நிலைத்திருக்கும். போதாததற்கு, பூமியில் அது அரிது என்பதால் மாசு என்று ஒதுக்கவும் முடியாது.

அப்படி ஒரு மிகை எதனால் வந்தது என்பதற்கு இயற்பியலாளர்கள் சொன்ன விடைகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. 1957-இல் சியான்-ஷியுங் வூ கோபால்ட்-60 சோதனையில் காட்டியபடி, வலுக்குறைந்த விசை (அணுக்கருக் கதிரியக்கச் சிதைவில் செயல்படும் அடிப்படை விசை) இடத்தையும் வலத்தையும் ஒன்றாக நடத்துவதில்லை. ஆகையால் இரு கை மூலக்கூறுகளின் ஆற்றலிலும் ஒரு வேறுபாடு இருந்தாக வேண்டும். ஆனால் அவ்வேறுபாடு வெப்ப அசைவின் ஆற்றலோடு ஒப்பிட இயலாத அளவு நுண்ணியது, அது மட்டும் போதாது. இரண்டாவது விடை, வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளி, அதாவது திருகுபோல் ஒரே பக்கம் சுழன்றபடி செல்லும் ஒளி. அத்தகைய புற ஊதா ஒளி ஒரு கையை மற்றதைவிடச் சற்றே கூடுதலாகச் சிதைக்கும். ஓரியன் மேகத்தில் வட்ட முனைவாக்கம் 17 விழுக்காடு வரை இருப்பதை 1998-இல் அளந்தும் இருக்கிறார்கள், ஆனால் அளந்தது அகச்சிவப்பில். மூன்றாவது, காந்தமேறிய மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவின் பரப்பில் எலக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒரு கையைத் தேர்ந்தெடுக்கும் என்ற அண்மைக்கால ஆய்வு. ஒளிக்கும் விண்வெளிக்கும் பதில் பூமியின் ஏரிப் படுகையையே களமாகக் கொள்வதால், எனக்கு இந்த மூன்றாவதே நம்பிக்கையளிக்கிறது.

பென்னு முடிவுக்கு வருவோம். அதில் கண்ட 33 அமினோ அமிலங்களில் புரதத்தில் சேராதவை 19. அவற்றுள் கை வேறுபாடு உடையவை யாவும், ஐசோவலின் உட்பட, சமமாகவோ ஏறக்குறையச் சமமாகவோ இருந்தன. ரியூகு மண்ணும் இதையே காட்டியது. ஆகையால் விண்கல் மழை நமக்கு இடக்கையைப் பழக்கிவிட்டது என்ற பழைய வாதத்தை இனி அவ்வளவு துணிச்சலாகச் சொல்ல முடியாது. மர்ச்சிசனில் 18 விழுக்காடு எப்படி வந்தது என்பது திறந்த கேள்வியாக நிற்கிறது. அக்கல் உடைந்து வந்த தாய்க்கோளில் நீர் செய்த வேலை சிறு மிகையைப் பெருக்கியிருக்கலாம் என்பார்கள். அப்படியானால், நீரில் நன்றாக ஊறிய பென்னுவில் ஏன் பெருக்கவில்லை என்று கேட்க வேண்டியிருக்கும்.

உப்பங்கழி (மறுமொழி)

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. 20-க்கு 14 என்று எண்ணும் வழக்கமே நம்மைத் தவறான பக்கம் இழுத்துச் செல்கிறது. இடவலம் குறிப்பிட்ட மற்ற 19-தான் முக்கியம். அவற்றுக்கும் அப்பால், நைட்ரஜன் கொண்ட ஏறத்தாழ 10,000 வேறு சேர்மங்கள் அம்மண்ணில் இருக்கின்றன. உயிர் ஒருபோதும் இப்படிச் செய்யாது. அது சிலவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, அவற்றையே திரும்பத் திரும்ப ஆக்கும். கல்லிலோ எளியவை மிகுதியாகவும், கார்பன் எண்ணிக்கை கூடக்கூட அளவு குறைந்தும், சாத்தியமான வடிவங்கள் எல்லாம் பாகுபாடின்றியும் காணப்படுகின்றன. தெரிவு செய்யாத வேதியியலின் அடையாளம் அதுவே. எனவே, '14' உயிரின் தடயமா என்ற உங்கள் கேள்விக்கு, அந்த 14-ஐச் சூழ்ந்து நிற்கும் கூட்டமே "இல்லை" என்று விடை சொல்கிறது. அம்மண்ணில் புரதச் சங்கிலியும் இல்லை, ஆர்.என்.ஏ. இழையும் இல்லை.

பென்னு ஆய்வில் என்னைக் கவர்ந்தது அமினோ அமிலங்களைவிட உப்புகள்தான். சாதாரண உப்பு, பொட்டாசியம் குளோரைடு, டிரோனா என்ற சோடியம் கார்பனேட் வகை, பாஸ்பேட்டுகள் என அதில் 11 தாதுக்கள் கிடைத்தன. உப்புநீர் மெல்ல வற்றும்போது ஒன்றன்பின் ஒன்றாகப் படியும் வரிசை அது. நம் உப்பளத்தில் பாத்தி வற்றும்போது நடப்பதே, 450 கோடி ஆண்டுக்கு முன் ஒரு கோளின் உள்ளே நடந்திருக்கிறது. இத்தகைய தாதுக்கள் பூமியில் விழும் விண்கற்களில் தங்குவதில்லை, ஏனெனில் காற்றின் ஈரமே அவற்றைக் கரைத்துவிடும். அதனால்தான் 121.6 கிராமுக்காக அவ்வளவு தூரம் செல்ல வேண்டியிருந்தது.

பனி உருகி அந்த நீர் உண்டானதற்குச் சூரியன் காரணமல்ல. சூரியக் குடும்பம் பிறந்தபோது பனியோடும் தூசியோடும் அலுமினியம்-26 என்ற கதிரியக்கத் தனிமம் கலந்திருந்தது. அதன் அரை ஆயுள் 7 லட்சம் ஆண்டுகளுக்குச் சற்று மேல். முதல் சில பத்து லட்சம் ஆண்டுகளில் அது சிதைந்து வெளியிட்ட வெப்பமே பனியை உருக்கி, அதிலிருந்த அம்மோனியா, ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு ஆகியவற்றை ஒன்றுசேர வைத்தது. பென்னுவில் அம்மோனியா மிகுதியாகக் கிடைத்திருப்பது, அதன் மூலப்பொருள் சூரியனிலிருந்து தொலைவில், அம்மோனியா உறைந்திருக்கும் அளவு குளிர்ந்த பகுதியில் உருவானதைக் குறிக்கிறது.

மில்லர் பாடத்தோடு இதை இணைக்க வழி இருக்கிறது. மில்லர் தம் குடுவையில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். தொடக்ககாலப் பூமியின் காற்றில் கார்பன் டைஆக்சைடும் நைட்ரஜனுமே மிகுந்திருக்கும் என்று பின்னர் கருதப்பட்டபோது, அத்தகைய கலவையில் விளைச்சல் குறைவாக இருந்ததால், அமினோ அமிலங்களுக்கு வேறு வரவு தேட வேண்டியதாயிற்று. விண்கற்களும், அவற்றைவிடக் கூடுதலாக ஆண்டுதோறும் பல்லாயிரம் டன் விழும் நுண்தூசியும் அந்த வரவில் சேர்க்கப்பட்டன. ஆனால் மர்ச்சிசன் போன்ற வளமான கல்லிலேயே அமினோ அமிலம் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். கடலில் கரைந்தால் ஒன்றுமில்லாமல் போகும் அளவு அது. எங்கோ ஒரு குட்டையில் வற்றிச் செறிவாக வேண்டும். அந்தக் குட்டையைப் பற்றிப் பென்னு எதுவும் சொல்வதில்லை. பூமியில் நாம் ஓரளவு உறுதியாகக் காட்டக்கூடிய மிகப் பழைய உயிர்த்தடயங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் ஏறத்தாழ 348 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில் இருக்கின்றன. சிறுகோளின் உப்புநீருக்கும் அந்தப் பாறைக்கும் இடையில் நூறு கோடி ஆண்டு இடைவெளி இருக்கிறது. மாணவர் கேட்ட கேள்விக்கான விடை அந்த இடைவெளிக்குள்தான் தேடப்பட வேண்டும்.

வகுப்புக்கு ஒரு பயிற்சி கூறுகிறேன். கரும்பலகையில் C₄H₉NO₂ என்ற வாய்பாட்டை எழுதி, ஒரு கார்பாக்சில் தொகுதியும் ஒரு NH₂ தொகுதியும் கொண்ட எத்தனை அமினோ அமிலங்களை அதற்கு வரைய முடியும் என்று மாணவர்களிடம் விடுங்கள். ஐந்து கட்டமைப்புகள் வரும். அவற்றில் மூன்றுக்கு இடம், வலம் உண்டு என்பதால் மொத்தம் எட்டு. ஐந்து கட்டமைப்புகளும் மர்ச்சிசன் கல்லில் கிடைத்திருக்கின்றன. வரைந்து முடித்த பிறகு, நம் புரதங்களின் 20 அமினோ அமிலப் பட்டியலைக் கொடுத்து, இந்த எட்டில் எத்தனை அதில் இருக்கின்றன என்று தேடச் சொல்லுங்கள். ஒன்றுகூட இராது.